பெருவிரல் வெளுத்துச் சிவக்கும் நேரம்

"எட்டு… ஒன்பது… பத்து…"

ஸ்டியரிங்கில் விரலால் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார் சகியுசா. செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. வண்டி சீமைப்பலா மரத்தடியில் நிற்கிறது. எதிரே சுகாதார நிலையத்தின் ஜன்னல். பட்டை பட்டையாகக் கண்ணாடி அடுக்கிய ஜன்னல் அது. உள்பக்கம் இருக்கிற கைப்பிடியைத் திருகினால் எல்லாப் பட்டையும் ஒன்றாகச் சாய்ந்து மூடிக்கொள்ளும். யாரும் திருகுவதில்லை, உள்ளே அவ்வளவு புழுக்கம். அதனால் தெருவில் மேய்கிற கோழிக்குக்கூட உள்ளே நடப்பது தெரியும். இப்போது நடப்பது இதுதான்: சகியுசாவின் மனைவி தரைவினி முக்காலியில் உட்கார்ந்து, இன்னொருவன் காலைத் தன் மடியில் வைத்து, அவன் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"பதினொண்ணு."

இப்போதுதான் விட்டாள். சகியுசா ஹாரனை ஓர் அமுக்கு அமுக்குகிறார். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. மூன்று வருஷமாகக் கூவுகிற சேவலை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஃபிஜியின் தவேயுனித் தீவில் கடலோரமாக ஒரே ஒரு சாலைதான். அதில் ஆளையும் சேப்பங்கிழங்கு மூட்டையையும் பன்றிக்குட்டியையும் ஒரே மரியாதையோடு ஏற்றிப் போகிற சின்ன லாரி சகியுசாவுடையது. பச்சை நிறம். முன்கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'தரைவினி' என்று எழுதியிருக்கும். எழுதியவர் அவரேதான். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதை மட்டும் எலி மாதிரிக் குறுக்கி எழுதியிருப்பார். அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அவரைத் தவிர வேறு பிட்டம் பட்டதில்லை. டயர் மாற்ற வந்தவனைக்கூடச் சாவி கேட்டதற்காக இறக்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்தில் கால் பார்க்கிற நாள். சர்க்கரை வியாதிக்காரர்களின் காலைக் கழுவி, துடைத்து, நகம் வெட்டி, புண் இருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா, ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பது நர்ஸ் தரைவினியின் வேலை. அந்தக் கால்களை ஊர் ஊராகப் போய் அள்ளிக்கொண்டு வந்து இறக்குவது அவள் புருஷனின் வேலை. தன் வயிற்றெரிச்சலைத் தானே வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு ஏற்றி வருகிற மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

எண்ணிக்கை எல்லாம் அவருக்கு மனப்பாடம். தேவாலயத்து டீக்கன் கால்: ஏழு. ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா: ஏழு. சந்தையில் கீரை விற்கிற பெண்: எட்டு, ஒரு தடவை மட்டும் ஒன்பது, அன்றைக்கு மழை. இவர்களை எல்லாம் அவர் மன்னித்துவிட்டார். மன்னிக்க முடியாத கால் ஒன்றே ஒன்று. அது நெதானியின் கால். பதினொன்று.

"ஏழுல விடத் தெரியுதுல்ல? அப்புறம் அவனுக்கு மட்டும் எதுக்கு நாலு கூட?" என்று பக்கத்து இருக்கையிடம் கேட்பார். பக்கத்து இருக்கையில் பெரும்பாலும் ஒரு தேங்காய்க் கூடைதான் இருக்கும்.

நெதானி கொப்பரை காய வைக்கிறவன். கல்யாணம் ஆகாதவன். நாற்பத்தெட்டு வயசு, பல்லெல்லாம் சிரிப்பு. இடது காலில் நாலு விரல்தான். சுண்டுவிரலைப் பெரிய தீவு ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். எங்கே போச்சு விரல் என்று குழந்தைகள் கேட்டால் ஒரு நாள் சுறா என்பான், ஒரு நாள் பாதிரியார் காணிக்கையாக வாங்கிக்கொண்டார் என்பான். இதெல்லாம் சகியுசாவுக்குப் பெரிதில்லை. நெதானி, தரைவினியின் தாய்மாமன் மகன். முறைப்பையன். அதுதான் தொல்லை.

ஃபிஜியில் முறைப்பையனும் முறைப்பெண்ணும் என்ன கேலி வேண்டுமானாலும் பேசலாம். பேசாவிட்டால்தான் ஊர் சந்தேகப்படும். பாட்டனார் காலத்திலிருந்து வருகிற உரிமை.

"என்னடி, என் கால் இல்லாம ஒரு வாரம் எப்படித் தூங்கின?" உள்ளே நுழையும்போதே நெதானி சத்தம் போடுவான்.

"போன வாரத்து நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு. அதான் தூக்கம் வரல."

"உங்கப்பன் மட்டும் அன்னிக்குத் தலையாட்டியிருந்தா இந்தக் காலைத் தினம் வீட்டுலயே புடிச்சிருப்ப."

"புடிச்சுத் திருகியிருப்பேன். நீட்டுடா."

பெஞ்சே குலுங்கிச் சிரிக்கும். வண்டிக்குள் சகியுசாவும் சிரித்தாக வேண்டும். பல்லைக் காட்டுவார். கண் மட்டும் ஒத்துழைக்காது.

திருப்பிக் கேலி செய்யலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் முறை அவர் கழுத்தைப் பிடிக்கிறது. நெதானி அவருக்கு மச்சானாக இருந்திருந்தால் இந்நேரம் வார்த்தையாலேயே தோலை உரித்துக் கொப்பரையோடு காயப் போட்டிருப்பார். ஆனால் பெண்டாட்டியின் முறைப்பையன் இவருக்கு என்ன ஆகிறான்? தம்பி ஆகிறான். அண்ணன் தம்பிக்குள் கேலி கிடையாது, மரியாதைதான். "தம்பி, சாப்பிட்டியா?" "ஆச்சு அண்ணே." அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக இரண்டு பேரும் இந்த இரண்டு வரியைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வாயால் முடியாததை சகியுசா வேறு வழியில் செய்வார். மழை வந்தால் கீரைக்காரப் பெண்ணை முன்னால் ஏற்றி நெதானியைப் பின்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே அனுப்புவார். அவன் ரப்பர் செருப்பில் ஒன்றை மட்டும் மரக்கிளையில் மாட்டிவைப்பார். ஒரு தடவை அவன் கூடைக்குள் உயிருள்ள நண்டு ஒன்றைப் போட்டார். நெதானி அதை வாழையிலையில் சுற்றித் தரைவினியிடமே நீட்டி, "உனக்குன்னு புடிச்சேன்டி" என்றான். அன்றைக்கு இரவு சகியுசா வீட்டில் தேங்காய்ப்பால் விட்ட நண்டுக் குழம்பு. அவர் ஒரு கொடுக்கைக்கூடத் தொடவில்லை. தரைவினி மூன்று கொடுக்கு சாப்பிட்டாள்.

பொறாமை வந்தால் சகியுசாவின் காது சூடாகும். மறைக்கவே முடியாது. இங்கே ஒருவர் தலையை இன்னொருவர் தொடுவது மரியாதையில்லை. அதனால் தரைவினி தொடமாட்டாள். காதுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கையை வைத்து, ரொட்டிக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

"ம். காது மடல்ல இருக்கற பொடி ரத்தக் குழாயெல்லாம் வாயைத் திறந்துக்கிச்சு. இன்னிக்கு எத்தனை? பதினொண்ணா?"

"நான் எதையும் எண்ணல."

"எண்ணாத காதா இது? மாவு எடுத்துட்டு வரேன், ரெண்டு ரொட்டி சுட்டுக்கலாம்."

அவளுடைய இந்தப் பொடிக் குழாய்ப் பேச்சில் அவருக்கு இன்னொரு புண் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை நெதானி அவளிடம், "விரலை அமுக்கிப் பாத்தா ரத்தம் வர்றது எப்படிடி தெரியும்? நீ சும்மா என் கையைப் புடிக்க வெட்கப்பட்டுக் காலைப் புடிக்கிற" என்று சீண்டினான். தரைவினி வேலையை நிறுத்தாமலே சொன்னாள். ஜன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லும் வண்டிக்கு வந்தது.

"இதயத்துலேர்ந்து வர்ற பெரிய குழாய் நம்ம கடலோர ரோடு மாதிரிடா. எங்க வீட்டுக்காரர் வண்டி தாராளமா ஓடும். ஆனா மலை மேல உன் தோட்டத்துக்கு வண்டி வருமா? இறங்கி ஒத்தையடிப் பாதையில நடக்கணும். ஒருத்தர் பின்னால ஒருத்தர். அந்த மாதிரிதான் கடைசிக் குழாய். முடியை விடப் பல மடங்கு மெலிசு. ரத்தத்துல இருக்கற சிவப்பு அணு ஒவ்வொண்ணா உடம்பை நெளிச்சுக்கிட்டுத்தான் உள்ள போகும். அந்தக் குழாய்க்குச் சுவரே ஒரு செல் கனம்தான். அதனாலதான் காத்தும் சாப்பாடும் சுவர் வழியாவே வெளிய கசிஞ்சு சதைக்குப் போகுது. சதையோட குப்பை உள்ள வருது. சுமையை இறக்கிட்டு, குப்பையை ஏத்திக்கிட்டு, வேற பாதையில திரும்பிடும். பெரிய ரோடு சோறு போடாதுடா. சோறு போடறது எல்லாம் இந்த ஒத்தையடிப் பாதைதான்."

"சக்கரை வந்தா?"

"அந்தச் சுவர் தடிச்சுப் போகும். சுமையோட வந்தவன் வாசல்ல நிக்கிறான், கதவு திறக்கல. நரம்புக்கும் சோறு அந்தப் பாதையிலதான் வரணும். பட்டினி கிடந்த நரம்பு என்ன செய்யும்? வலின்னு சொல்லாது. கல்லு குத்தினாலும் சொல்லாது. உன் சுண்டுவிரல் சொல்லிச்சா?"

நெதானி குனிந்து தன் நாலு விரலை எண்ணுவதுபோலப் பார்த்தான். கேட்டுக்கொண்டிருந்த சகியுசாவுக்கோ ரத்தமும் சுவரும் காதில் விழவே இல்லை. விழுந்தது ஒன்றுதான்: என் வண்டியை வைத்து அவனுக்குக் கதை சொல்கிறாள். இருபத்தாறு வருஷமாக ஒரே பாயில் படுத்தவனுக்கு ஒரு குழாயைப் பற்றியாவது சொன்னாளா?

அன்று மாலை டீயில் நாலு கரண்டி சர்க்கரையைக் கலக்கியபடி கேட்டே விட்டார்.

"அந்தக் குழாய்க் கதையை எனக்குச் சொல்ல மாட்டியா?"

"செவ்வாக்கிழமை வந்து பெஞ்சுல உட்காரு. சொல்றேன்."

"புருஷன் எதுக்குடி வரிசையில உட்காரணும்?"

"புருஷன் காலை வீட்டுல காட்ட மாட்டேங்கிறான். அதுக்குத்தான்."

அவள் கேட்காமல் இல்லை. அந்த வருஷத்தில் மட்டும் நாலு தடவை கேட்டாள். "காலைக் காட்டு." அவர் காட்டவில்லை. வெயிலில் தார் உருகுகிற ஊரில் வீட்டுக்குள் காலுறை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். கேட்டால் குளிர் என்பார். உண்மைக் காரணம் நெஞ்சுக்குள் இருந்தது. அவள் தன் காலைப் பிடித்தால் புருஷன் என்று பிடிக்க வேண்டும். டீக்கனுக்கு ஏழு, நெதானிக்குப் பதினொன்று, அடுத்தது சகியுசா என்று ஒரு எண்ணாக அந்த மடியில் ஏற அவர் தயாராக இல்லை. அதைவிட ஒரு பயமும் இருந்தது. ஏழிலேயே விட்டுவிட்டால்?

கால் மரத்துப்போனது அவருக்குத் தெரியும். ஆனால் அதற்குக் காரணம் தயாராக வைத்திருந்தார். எல்லா ஆண்களிடமும் இருக்கிற காரணம்தான். ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்து பாயில் வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், நடுவில் இருக்கிற மரத்தொட்டியில், குடித்தால் உடம்பை மதமதக்க வைக்கிற யங்கோனா வேரைக் கரைத்துச் சிரட்டை சிரட்டையாகக் கொடுப்பார்கள். கையை ஒரு தட்டுத் தட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று தட்டுத் தட்ட வேண்டும். தொட்டி காலியாகும்வரை காலை நீட்டக் கூடாது. நீட்டினால் பெரியவர்களுக்கு அவமரியாதை. அப்படி உட்கார்ந்தால் கால் மரக்காமல் என்ன செய்யும்?

"எனக்கு முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியல" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்.

அவருடைய உண்மையான மச்சான் ஒசேயா சிரட்டையை நீட்டிக்கொண்டே, "தெரிஞ்சா நீ குடிச்சதே பொய் மச்சான். இதைப் புடி, இடுப்பு வரைக்கும் தெரியாது" என்றான்.

தோல் வேறு மீன் செதில் மாதிரி வெடித்து உரிந்திருந்தது. யங்கோனா அதிகம் குடிப்பவர்களுக்கு வருவது, கனிகனி என்பார்கள். வெட்கப்படுவதில்லை, இவன் நாளெல்லாம் சபையில் உட்கார்ந்தவன் என்று காட்டுகிற பட்டயம் அது. அந்தப் பட்டயத்துக்குக் கீழே வேறு எது உரிந்தாலும் யாருக்கும் தெரியாது. மரத்த கால் மறுநாள் திங்கட்கிழமையும் மரத்திருந்தது. புதன்கிழமையும். "நேத்து ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்" என்று சகியுசா தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்த நேற்று போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் தூறல் போட்டு விட்டிருந்தது. வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு சகியுசா இறங்கி, சுற்றிப் பின்னால் வந்து, தடுப்புப் பலகையைத் திறந்தார். டீக்கன் இறங்கினார். வாத்தியாரம்மா இறங்கினார். நெதானி கடைசியாக இறங்கினான். இறங்கியவன் உள்ளே ஓடவில்லை. கான்கிரீட் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஓட்டுநர் கதவிலிருந்து பின்பலகைவரை வரிசையாகத் தடங்கள். இடது காலுக்கு வெறும் ஈரம். வலது காலுக்குச் சிவப்பு.

ஏதோ கேலி வரப்போகிறது என்று சகியுசா காத்திருந்தார். நெதானியின் முகத்தில் சிரிப்பே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பல் மூடியிருந்து அவர் பார்த்தது அதுதான் இரண்டாவது தடவை.

"அண்ணே. செருப்பைத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்கு அண்ணே."

வண்டியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். செருப்பு காலோடு வந்தது. விழவில்லை. கூரைத் தகடு அடிக்கிற ஆணி ஒன்று, தலை மட்டும் வெளியே தெரிய, ரப்பரைத் துளைத்து உள்ளே போயிருந்தது. அதிகாலை கூரை வேலை நடக்கிற பாதிரியார் வீட்டு வாசலில் மூட்டை இறக்கியது அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு மைல் ஓட்டியிருக்கிறார். அந்தக் காலால்தான் பிரேக்கை மிதித்து மிதித்து.

"வலிக்கலியா?"

"உக்காந்து உக்காந்து மரத்துப்போச்சு" என்றார். சொல்லும்போதே அது அவருக்கே எங்கோ தூரத்தில் கேட்டது.

நெதானி அந்த ஆணித் தலையை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு ஒரு தம்பி அண்ணனிடம் பேசக் கூடாத அளவுக்குப் பேசினான்.

"நீ எண்ணறது எனக்குத் தெரியும் அண்ணே. தீவுக்கே தெரியும். பதினொண்ணு. நீ அது கொஞ்சல்னு நெனச்சுக்கிட்டிருக்க. எனக்கும் சிரிப்பா இருந்துச்சு, விட்டுட்டேன். என் தப்பு. கேளு. விரலை அமுக்கறது அஞ்சு எண்ணற வரைக்கும். எல்லாருக்கும் அஞ்சுதான். அமுக்கினா அங்க இருக்கற ரத்தம் ஓடிப்போய் விரல் வெளுக்கும். அப்புறம் கையை எடுத்துட்டு, மறுபடி சிவக்கிற வரைக்கும் எண்ணுவா. டீக்கனுக்கு ரெண்டுலயே சிவந்துடும். அஞ்சும் ரெண்டும் ஏழு, விட்டுடறா. எனக்கு ஆறு ஆகுது. அந்தப் பொடிப் பாதையில என் ரத்தம் நொண்டி நொண்டி வருது, அவ காத்துக்கிட்டிருக்கா. அவ்வளவுதான் அண்ணே கதை."

சகியுசா ஜன்னலுக்குள் தெரிந்த முக்காலியைப் பார்த்தார்.

"என் சுண்டுவிரலை எடுக்கணும்னு சொன்ன அன்னிக்கு எத்தனை தெரியுமா? பதினாலு. அன்னிக்கு நீ ஹாரன் அடிச்சே அடிச்சே, மரத்துல இருந்த பறவையெல்லாம் போச்சு."

ஞாபகம் இருந்தது. அன்றைக்குத்தான் அவர் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தார். பல்லை மூடிய நெதானியை முதல் தடவை பார்த்ததும் அன்றைக்குத்தான். தோற்றுப்போன என்னைப் பார்த்துப் பாவப்படுகிறான் என்று நினைத்திருந்தார்.

அவர் வண்டிக்குத் திரும்பிப் போவார் என்று நெதானி நினைத்தான். திரும்பித்தான் போனார். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே அந்த இருக்கையைப் பார்த்தார், ஹாரனைப் பார்த்தார். பிறகு கதவை மூடிவிட்டு, குதிகாலை மட்டும் ஊன்றி, சுகாதார நிலையத்துக்குள் நடந்து போய் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தார். டீக்கன் நகர்ந்து இடம் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலாம்போல இருந்திருக்கும்.

வாத்தியாரம்மாவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்த தரைவினி நிமிர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள். தரையில் வந்த தடத்தைப் பார்த்தாள். துண்டு அப்படியே கையில் நின்றது. வாத்தியாரம்மா தன் காலைத் தானே மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"அடுத்தது யாரு?"

"நான்தான்" என்றார் சகியுசா.

"பேரு?"

"என்னடி இது?"

"இங்க எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். பேரு?" குரல் சரியாகத்தான் இருந்தது. பேனாவைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"சகியுசா."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் காலை எடுத்து மடியில் வைத்தாள். செருப்பை மெதுவாக உருவினாள். ஆணி வெளியே வந்தது; அவர் அதை வெளியே வந்த பிறகுதான் பார்த்தார். கழுவினாள். செதில் செதிலாகக் கனிகனி தண்ணீரில் போயிற்று. கீழே இருந்த கால் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டாள். "தெரியும்போது சொல்லு" என்றாள். நெதானிக்கு அவள் இதைச் செய்யும்போதெல்லாம் கிச்சுகிச்சு மூட்டுகிறாள் என்று வண்டியில் உட்கார்ந்து பொருமியவர் அவர். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கிச்சுகிச்சு எப்போது வரும் என்று காத்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமே" என்றார் கடைசியில்.

"முடிச்சாச்சு."

கண்ணைத் திறந்தபோது அவள் பெருவிரலைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவர் உதடு தானாக அசைய ஆரம்பித்தது. பழக்கம்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. கையை எடுத்தாள். விரல் நுனி வெளுத்துக் கிடந்தது, தேங்காய்க் கீற்று மாதிரி.

ஆறு. ஏழு. இதற்குள் டீக்கனை விட்டிருப்பாள். மூன்று வருஷமாக எந்த எண்ணைக் கண்டு பயந்தாரோ அந்த எண்ணில், சிவந்துவிடு, விட்டுவிடட்டும் என்று விரலைப் பார்த்துக் கெஞ்சினார். எட்டு. ஒன்பது. வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்த தரைவினி பத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டாள். பதினொன்று வந்தது, போனது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலில் அவள் கீழ் உதட்டைக் கடித்தாள். பதினைந்தில் ஓரமாக ஒரு நிறம் ஊற ஆரம்பித்தது. மலையேறி வந்த யாரோ ஒருவன் மூச்சு வாங்கி நிற்பதுபோல நின்றது. பிறகு இன்னொருவன் வந்தான். இன்னொருவன். பதினாறில் விரல் விரல் மாதிரி ஆயிற்று.

"ஜெயிச்சுட்டேன்" என்றார் சகியுசா. சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தார்.

"வாயை மூடுய்யா." அவள் குனிந்தே இருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாலு தடவை கேட்டேன். நாலு தடவை."

"இப்ப வந்துட்டேன்ல."

"இன்னும் ரத்தம் வருது. வந்துக்கிட்டுதான் இருக்கு. மெதுவா வந்தாலும் வருது." அது அவருக்குச் சொன்னதா, விரலுக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. துளைமேல் மருந்துத் துணியை வைத்துக் கட்டினாள். "இப்பவே நம்ம தீவு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நாளைக்கு இல்ல. நானும் வரேன்."

"சரி. ஓட்டறேன்."

"இந்தக் கால் இனி பிரேக்கைத் தொடாது."

"பின்ன வண்டியை யாருடி ஓட்டுவா?"

அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிப் பட்டைகளுக்கு அந்தப் பக்கம் நெதானி நின்றுகொண்டிருந்தான். பட்டை பட்டையாக நெற்றி, கண், மூக்கு, மூடிய வாய். உள்ளே பார்க்காததுபோல மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடும் அசைந்து நின்ற உதடாகத்தான் இருந்தது. அவனும் எண்ணியிருக்கிறான்.

கட்டுப் போட்டு முடிந்திருந்தது. ஆனால் தரைவினியின் கட்டைவிரல் அவர் பெருவிரல்மேலேயே இருந்தது. அமுக்கவில்லை. சும்மா இருந்தது.

சகியுசா சட்டைப் பையில் கையை விட்டார். சாவியை எடுத்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு சாய்ந்து, இரண்டு பட்டைகளுக்கு நடுவே கையை நுழைத்து வெளியே நீட்டினார்.

"தம்பி. கிளட்ச் கொஞ்சம் இழுக்கும். திருப்பி வாசல்ல கொண்டுவந்து நிறுத்து."

"ஆச்சு அண்ணே." சாவி போயிற்று. நெதானி ஆனால் அங்கேயே நின்றான்.

சகியுசா கையை உள்ளே இழுத்துக்கொண்டார். காலை மடியிலிருந்து அசைக்காமல், இடுப்பை மட்டும் திருப்பி, கையை எட்டி ஜன்னலின் கைப்பிடியைப் பிடித்து, பல வருஷத் துரு கிரீச்சிட, கண்ணாடிப் பட்டைகள் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து மூடும்வரை திருகினார்.